பழைய லேப்டாப்பில் மட்டும் டெயில்ஸ் பாஸ்ஃபிரேஸ் ஏற்கவில்லை

டெயில்ஸ் (பென்டிரைவிலிருந்தே இயங்கும், தனியுரிமைக்கான இயங்குதளம்) இருக்கும் பென்டிரைவை அழித்துவிடாதீர்கள். அதிலுள்ள பூட்டிய சேமிப்பகத்தை வீட்டுக் கணினியில் திறக்கும் பாஸ்ஃபிரேஸ் (நீளமான கடவுச்சொல்), பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பில் மட்டும் திறக்கவில்லை என்றால், பெரும்பாலும் கீபோர்டு அமைப்புதான் காரணம்.

3 எண் விசையில் பவுண்டு குறி (£) இருக்கிறதா பாருங்கள். நான் அங்கே வாங்கியதிலும் இருந்தது. அது பிரிட்டிஷ் கீபோர்டு; அமெரிக்க அமைப்போடு ஒப்பிட்டால் அதில் @ குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும்.

சேமிப்பகத்தைத் திறக்காமலே டெயில்ஸுக்குள் போய், டெக்ஸ்ட் எடிட்டரில் அந்தக் குறிகளை மட்டும் அடித்துப் பாருங்கள். முழு பாஸ்ஃபிரேஸ் வேண்டாம். மாறி விழுந்தால், மறுபடி தொடங்கி, வரவேற்புத் திரையிலேயே சரியான கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள்.

சேமிப்பகம் திறந்ததும் பாஸ்ஃபிரேஸைக் குறிகள் இல்லாத ஐந்தாறு தற்செயல் சொற்களுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் ஒன்று: அதை மறந்துவிட்டால் யாராலும் மீட்டுத் தர முடியாது.