வழக்கமான மருந்துக் கடையை விட்டுப் பெரிய பார்மசிக்கு மாறலாமா?

கேள்வி இதுதான்: "பல கிளைகள் உள்ள பெரிய பார்மசியில் எல்லா மருந்தும் கிடைக்கிறது, ஆப்பில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது, தள்ளுபடியும் தருகிறார்கள். வழக்கமாக வாங்கும் சின்னக் கடையை விட்டுவிட்டு அங்கே மாறலாமா?"

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், மாதாமாதம் மருந்து வாங்க வேண்டிய பெரியவர் யாரோ வீட்டில் இருக்கிறார் என்று தோன்றுகிறது. தலைவலி மாத்திரை வாங்குவதற்கு யாரும் இவ்வளவு யோசிக்க மாட்டார்கள். அப்படி ஒருவர் இருந்தால், மற்றதையெல்லாம் எங்கே வேண்டுமானாலும் வாங்குங்கள், அவருடைய தொடர் மருந்துகளை மட்டும் அவரைத் தெரிந்த கடையிலேயே வாங்குங்கள். தள்ளுபடி கொஞ்சம் போனாலும் பரவாயில்லை.

சண்டைக்கு வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மருந்துக் கடை கிடையாது, அந்தத் தொழிலில் சொந்தக்காரர்களும் இல்லை. பெரிய பார்மசிகளில் நன்றாகப் படித்த மருந்தாளுநர்கள் இருப்பதும் தெரியும். சின்னக் கடைகளில் சீட்டைச் சரியாகப் பார்க்காமலே மருந்தை எடுத்துக் கொடுப்பவர்கள் இருப்பதும் தெரியும். நான் சொல்வது என் அம்மாவுக்கு நடந்ததை வைத்து.

அம்மாவுக்கு முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய். அதற்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார். இந்த நோய்க்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தெரியாமல் தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு ரத்த அணுக்கள் குறைந்துவிடும். அப்படி உயிர் போனவர்களே உண்டு. போதாக்குறைக்கு, மாத்திரை 2.5 மில்லிகிராமிலும் வருகிறது, 10 மில்லிகிராமிலும் வருகிறது. வாரத்துக்கு 15 மில்லிகிராம் என்றால் சின்னதில் ஆறு மாத்திரை. ஆறு என்ற எண்ணிக்கையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பெரியதில் ஆறு எடுத்தால் 60 ஆகிவிடும்.

நாங்கள் வாங்கும் கடையில் முதலாளியே மருந்தாளுநர். ஒவ்வொரு முறையும் கவர் மேல் பேனாவால் 'புதன் மட்டும், 6' என்று எழுதி, 'புதன்' என்பதன் கீழே இரண்டு கோடு இழுப்பார். அம்மாவே கடைக்குப் போனால், "எந்தக் கிழமை சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்பார். மாதாமாதம் அதே கேள்விதான். அம்மா வாயால் பதில் வந்த பிறகுதான் கவர் கைக்கு வரும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு இது நேர விரயமாகத் தெரியலாம்.

ஒருமுறை அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலடித்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லாததால் வேறொருவரிடம் காட்டினோம். அவர் கோட்ரைமாக்சசோல் எழுதிக் கொடுத்தார். சிறுநீர்த் தொற்றுக்கு ரொம்ப காலமாகக் கொடுத்துவரும் மருந்துதான் அது. சீட்டை நீட்டினேன். கடைக்காரர் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு பாதி தூரம் வந்தவர், நின்று சீட்டை மறுபடியும் பார்த்தார். "தம்பி, இது யாருக்கு?" என்றார். அம்மாவுக்கு என்றதும் அட்டையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார்.

"அம்மா புதன்கிழமை மாத்திரை சாப்பிடுறாங்களே, இது அதோட சேரக் கூடாது" என்றார். பிறகுதான் எனக்கு விளங்கியது. ரத்த அணுக்கள் உருவாக ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். மெத்தோட்ரெக்சேட் உடம்பில் அது வேலை செய்வதைத் தடுக்கும் மருந்து. கோட்ரைமாக்சசோலில் இருக்கும் டிரைமெத்தோப்ரிமும் அதே இடத்தில் கை வைக்கிறது. அதிலுள்ள இன்னொரு மருந்தான சல்ஃபாமெத்தாக்சசோல், மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதைக் குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளை அணுக்கள் சரிந்து, சாதாரணத் தொற்றே ஆபத்தாக மாறலாம். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இன்னும் மோசம்.

சீட்டிலிருந்த எண்ணுக்கு அவரே போன் போட்டார். ரிசப்ஷனில் காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தும் போனை வைக்கவில்லை. டாக்டர் விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் வேறு ஆன்டிபயாட்டிக் சொன்னார். அந்த டாக்டரையும் நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனிதர். காய்ச்சலில் கிடந்த அம்மாவுக்கு மூட்டு வலி மருந்தைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"இதையெல்லாம் பெரிய பார்மசியின் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துவிடுமே" என்று யாராவது பின்னூட்டம் போடுவீர்கள். கண்டுபிடிக்கலாம். ஒருவர் சாப்பிடும் எல்லா மருந்தும் அவர் பெயரிலேயே பதிவாகியிருந்தால், எச்சரிக்கையைத் தட்டிவிட்டுப் போகாமல் ஒருவர் நின்று படித்தால். என் தங்கை வீட்டில் ஒரு பெரிய பார்மசியின் ஆப்பில்தான் வாங்குகிறார்கள். ஒரே போன் நம்பரின் கீழ் மாமியாருடைய சர்க்கரை மருந்து, மாமனாருடைய ரத்த அழுத்த மாத்திரை, குழந்தையின் இருமல் மருந்து எல்லாம் ஒரே பட்டியலாக நிற்கிறது. யார் எதைச் சாப்பிடுகிறார் என்று அதைப் பார்த்து எந்தக் கம்ப்யூட்டரும் சொல்ல முடியாது. கவுண்டரில் இருப்பவர்களும் அடிக்கடி மாறுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. டோக்கன் ஓடிக்கொண்டே இருக்கும்போது "இது யாருக்கு?" என்று கேட்க நேரம் எங்கே?

அங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்டாக் இல்லையென்றால் அதே மருந்தை வேறு கம்பெனியின் பெயரில் அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலான மருந்துகளுக்கு இதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் வலிப்பு மருந்து, தைராய்டு மருந்து மாதிரி, அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலே உடம்பு காட்டிவிடும் மருந்துகளில் டாக்டருக்குத் தெரியாமல் கம்பெனியை மாற்றக் கூடாது. அப்புறம், நிறத்தை வைத்தே மாத்திரையை அடையாளம் காணும் பெரியவர்கள், பழைய அட்டையும் புது அட்டையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள்.

நிறம் என்றதும் சொல்லியே ஆக வேண்டும். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர்களுக்குக் கூடவே ஃபோலிக் ஆசிடும் கொடுப்பார்கள். இரண்டும் பல கம்பெனிகளில் சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரைகள்தான்! ஒன்று ஆபத்தான மருந்து, மற்றது வெறும் வைட்டமின். எழுபது வயதுக் கண்ணுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? பெயரைப் படிக்கலாம் என்றால், பளபளக்கும் அட்டையில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. காலாவதி தேதி ஒரே ஒரு ஓரத்தில். அட்டையைப் பாதியாக வெட்டினால் மிச்சத்துக்குத் தேதியே கிடையாது. ஒவ்வொரு மாத்திரையின் பின்னாலும் பெயரும் அளவும் தேதியும் அச்சடித்தால் கம்பெனிகளுக்கு என்ன நஷ்டம்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மாதாமாதம் அந்த அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பவனுக்குத்தான் அந்தக் கோபம் புரியும்.

பெரிய பார்மசியின் நல்லதையும் சொல்ல வேண்டும். நடு இரவில் மருந்து தேவைப்பட்டால் அதுதான் கதி. எங்கள் கடைக்காரர் மதியம் கதவை அடைத்துவிடுவார், சில மருந்துகளுக்கு "நாளைக்கு வாங்க" என்பார். அபூர்வமான மருந்தை எந்தக் கிளையில் இருக்கிறது என்று பார்த்து வரவழைத்துத் தருவது பெரிய பார்மசியால்தான் முடியும். இன்சூரன்ஸுக்கு ஒழுங்கான பில்லும் அங்கே சுலபம். இன்சுலின் வாங்குவதானால் எந்தக் கடை என்பதைவிட எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், உறைந்துவிட்டாலும் கெட்டுப்போகும். டெலிவரி செய்பவர் வெறும் பையில் வாசலில் வைத்துவிட்டுப் போனால் வாங்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் மாறுவதுதான் வசதி என்றால், தாராளமாக மாறுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்குங்கள். வேறு கடையில் வாங்கும் மருந்து, நாட்டு மருந்து, சத்து மாத்திரை எல்லாவற்றையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரைகூடத் தைராய்டு மாத்திரை உடம்பில் சேர்வதைத் தடுக்கும், இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் விட வேண்டும். புதுச் சீட்டோடு போகும் நாளில் மருந்தாளுநரைக் கூப்பிட்டு, "இவர் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளோடு இது சேருமா?" என்று கேளுங்கள். பார்த்துப் பதில் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொல்லாவிட்டால் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு பழைய கடைக்கே போங்கள்.