கேரளக் கடைக்குப் போடும் பில்லில் வரி பிரிந்து விழுந்தால்

இதற்காக பில் போடும் மென்பொருளை மாற்ற வேண்டாம். கேரளத்துப் பாறசாலை கடைக்கு மார்த்தாண்டத்திலிருந்து தேன் அனுப்பும்போது ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி) வராமல் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்துக்குள் விற்கும்போது மத்திய, மாநில அரசுகளுக்குப் போகும் வரி) என்று பிரிகிறது, டேலி என்ற கணக்கு மென்பொருளுக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் அந்தக் கடையை மென்பொருளில் பதிவு செய்தபோது மாநிலம் என்ற இடத்தில் தமிழ்நாடு என்றே நின்றிருக்கும், அப்படி விட்டால் டேலியிலும் இதே தப்புதான் வரும்.

அவர்களுடைய ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 32 என்றால் கேரளம், நமக்கு 33. மாநிலத்தைத் திருத்திவிட்டு ஒரு மாதிரி பில் போட்டுப் பாருங்கள், உங்கள் கடை விவரத்திலும் தமிழ்நாடு சரியாக இருக்க வேண்டும்.

பழைய பில்களை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள், வரிசை எண்ணில் ஓட்டை விழும். ஆடிட்டரிடம் கொடுங்கள், ரிட்டர்ன் போட்டாயிற்றா இல்லையா என்பதைப் பொறுத்துத் திருத்தும் வழி மாறும்.

நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் ஜிஎஸ்டி திட்டம்) இருந்தால் கதையே வேறு. அதில் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க அனுமதியே கிடையாது, எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பத்து நிமிடத் தூரம் என்றாலும் வெளிமாநிலம்தான்.

அப்புறம், எப்போதாவது மென்பொருளை மாற்றுவதாக இருந்தால் விலையைவிட ஒன்றை முதலில் பாருங்கள்: சந்தா முடிந்த பிறகும் எல்லா பில்லையும் எக்செல்லில் இறக்க முடிகிறதா? ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.