புற்றுநோய்ப் பதிவேடுகளில் நோயாளி விவரம் ஏன் அரைகுறையாக இருக்கிறது? ஊழியர்களின் அலட்சியமா?

அலட்சியம் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் கேட்கிறீர்கள். ஆய்வுக்காகப் பதிவேட்டு அறிக்கையைப் புரட்டி, 'மூல உறுப்பு தெரியவில்லை' (புற்று முதலில் எந்த உறுப்பில் தொடங்கியது என்று தெரியவில்லை) என்ற வரிசையைப் பார்த்துக் கடுப்பானவர் போலிருக்கிறது. ஒரு எல்லைக்குள் குடியிருப்பவர்களில் யார் யாருக்குப் புற்று என்று கணக்கெடுக்கும் அப்படி ஒரு பதிவேட்டில், நான் சில வருடங்கள் களப்பணியாளனாக இருந்தவன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

1982இல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) திட்டத்தில் மும்பை, பெங்களூரு, சென்னைப் பதிவேடுகள் இயங்கத் தொடங்கியதிலிருந்தே, விவரத்தைப் பெரும்பாலும் நாம்தான் தேடிப் போய் எடுக்க வேண்டும். மருத்துவமனையின் ரெக்கார்டு அறை, பயாப்ஸி (திசுச் சோதனை) லேப், நகராட்சியின் இறப்புப் பதிவு என்று அலைச்சல்தான். இறப்புச் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வழியும் அடைபட்டது.

ஒரு தனியார் மருத்துவமனையில் ஒரு அம்மாவின் கேஸ் ஷீட் கிடைத்தது. கல்லீரலுக்குப் பரவிய கட்டி. எங்கிருந்து பரவியது என்று ஒரு வரி இல்லை. அப்படியே விட்டால் சி80 என்ற குறியீட்டில், நீங்கள் திட்டும் அந்த வரிசையில், போய் விழும். பயாப்ஸி வெளி லேபில் எடுத்தது, ரிப்போர்ட் குடும்பத்திடம். முகவரியைப் பிடித்துப் போனேன். வாசலிலேயே மருமகன் மறித்தார்.

"சார், மெதுவாப் பேசுங்க. அத்தைக்கு அல்சர்னுதான் சொல்லி வெச்சிருக்கோம்."

தெருமுனை டீக்கடைக்குக் கூட்டிப் போய் ரிப்போர்ட்டை நீட்டினார். இரைப்பைப் புற்று. சரி, கிடைத்தது என்று பார்த்தால், அந்த அம்மா வேறு மாவட்டம். வைத்தியத்துக்காக மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார். ஒரு வருடமாவது எங்கள் எல்லைக்குள் குடியிருந்தால்தான் கணக்கில் சேர்க்கலாம். பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட்டேன். அந்த அலைச்சல் எந்த அறிக்கையிலும் தெரியாது.

எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே 'வயது தெரியவில்லை' என்று போட்டவரையும் பார்த்திருக்கிறேன். அப்புறம், அடுத்தவர் அந்தரங்கத்தில் மூக்கை நுழைப்பதா என்று யாராவது கிளம்புவீர்கள். ஒரே ஆளை இரண்டு மருத்துவமனைக் கணக்கில் இரண்டு தடவை எண்ணாமல் இருக்கத்தான் பெயரும் முகவரியும். அறிக்கையில் எண்ணிக்கை மட்டும்தான் வரும்.

இந்த வேலைக்கு எங்களுக்கு ஒப்பந்தச் சம்பளம். பயணப்படி கேட்டால் ஷேர் ஆட்டோவுக்கு ரசீது எங்கே என்பார்கள். ஷேர் ஆட்டோக்காரர் என்றைக்கு ரசீது கொடுத்திருக்கிறார்? வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தணிக்கையில் நிற்காது என்று திருப்பி அனுப்பினார்கள். வேலையை விட்ட பிறகும் அந்தப் பணம் வரவில்லை.