தாத்தாவின் மலாய்ப் புத்தகத்தை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

தம்பி, அடுத்த மாதம் மலேசியாவில் கிள்ளானுக்கு வேலைக்கு வருவதாகவும், தாத்தா ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது வாங்கிய மலாய்ப் புத்தகம் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகை, சாப்பாடெல்லாம் வந்தால் தெரிந்துவிடும். புத்தகத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். 2003இல் அப்படி ஒன்றை நம்பி வந்து இறங்கியவன் நான்.

அதில் எழுத்தே பழசு. 1972 ஆகஸ்டில் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து எழுத்துமுறையை மாற்றிவிட்டன. மலாயை எழுதுவது ஆங்கில எழுத்தில். 'ச' ஒலிக்கு சி, எச் என்று இரண்டு எழுத்து போட்டது போய் இங்கே வெறும் சி ஆனது. பூட்டிய கடையில் 'ஹரி இனி சுத்தி', அதாவது இன்று விடுமுறை என்று ஒட்டியிருந்ததை, சியைக் 'க' என்று எடுத்துக்கொண்டு நான் 'ஹரி இனி குட்டி' என்று படித்துவிட்டு, ஹரி யார் என்று பக்கத்துக் கடையில் விசாரித்தேன். பன்மைக்குச் சொல்லின் வாலில் 2 போடுவதும் போயிற்று. புத்தகத்தில் 'அனாக்2' என்றால் பிள்ளைகள். நான் இரண்டு பிள்ளை என்றே நினைத்திருந்தேன்.

எழுத்தாவது பழகிவிடும். ஆளைக் குறிக்கும் சொற்களில்தான் அடி விழும். 'ஹம்பா' நம் அடியேன் மாதிரி, ராஜா கதையோடு சரி. 'சாயா'வும் ஒரு காலத்தில் ஊழியன் என்ற பொருளில் இருந்ததுதான். இன்று மரியாதையான 'நான்'. அதையே பிடித்துக்கொள்ளுங்கள். 'அக்கு', 'எங்காவ்' இரண்டும் நெருங்கிய சேக்காளிகளுக்குள் 'நான்', 'நீ'. பெரியவர்களிடம் 'நீங்கள்' என்று தேடாதீர்கள், முறை வைத்துக் கூப்பிடுங்கள்: பாச்சிக் (மாமா), மாச்சிக் (அத்தை), அபாங் (அண்ணன்), காக்காக் (அக்கா). "மாச்சிக் நாக் மினும் அப்பா?" என்றால் அத்தை என்ன குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். நம் ஊர் வழக்கம்தானே? நாம், நாங்கள் வித்தியாசம்கூட கித்தா, காமி என்று அப்படியே இருக்கிறது. ஆனால் இங்கே பதினைந்து வருடம் இருந்தும் ஹொக்கியன் சீனரிடமிருந்து வந்த 'குவா' (நான்), 'லு' (நீ) இரண்டையும் வைத்தே ஓட்டுகிற நம் ஆட்கள் உண்டு. கேட்டால் "புரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். அவர்களிடம் பாடம் கேட்காதீர்கள்.

நான் முதலில் நின்றது ஒரு சாப்பாட்டுக் கடைக் கல்லாவில். மூன்றாம் நாள் அறுபது வயது மலாய் அம்மா ஒருவர் வந்தார். புத்தகத்தில் படித்தபடி "எங்காவ் மாஹு அப்பா?" என்றேன். நீ என்ன வேண்டும் என்கிறாய் என்ற கணக்கு. கையிலிருந்த சில்லறையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"உமுர் பெராப்பா, நாக்?" வயது என்ன, மகனே?

இருபத்துநாலு என்று சொன்னேன். அதையும் 'அக்கு' என்றுதான் ஆரம்பித்தேன்.