ஆக்டாட்ராக்கில் எதைச் சேமித்தோம், எது திரும்பி வரும்? கேள்வி பதில்

திருகோணமலையில் கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் வாசிக்கும் இளைஞர்கள் சிலர் எலெக்ட்ரான் நிறுவனத்தின் ஆக்டாட்ராக்கை, அதாவது பதிந்த ஒலித்துண்டுகளை (சாம்பிள்களை) தாளத்தில் அடுக்கி வாசிக்கும் கருவியை, மேடைக்குக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

உப்புவெளியிலிருந்து: அண்ணா, இரண்டாம் பேட்டர்னில் (தாள அமைப்பில்) உடுக்கின் ஃபில்டரை, ஒலியின் கூர்மையை வடிகட்டும் அமைப்பை, குறைத்தேன். முதலாம் பேட்டர்னுக்குத் திரும்பினால் அங்கேயும் உடுக்கு மந்தமாகக் கேட்கிறது. பழுதா?

பழுதில்லை, தம்பி. அடி எங்கே விழவேண்டும் என்ற ட்ரிக்குகளும், தனித்தனி ட்ரிக்குகளில் நீங்கள் பூட்டிவைத்த அளவுகளும்தான் பேட்டர்னுக்குச் சொந்தம். எந்தத் தடத்தில் எந்த சாம்பிள், ஃபில்டர் எவ்வளவு, எந்த எஃபெக்ட் என்பவை எல்லாம் ‘பார்ட்’டுக்குள் இருக்கின்றன. ஒரு பேங்கில், அதாவது பேட்டர்ன்களின் ஒரு தொகுதியில், பேட்டர்ன்கள் 16. பார்ட்டுகளோ 4 மட்டுமே. பார்ட் என்பது பொதுக் கிணறு. ஒருவர் கலக்கினால் எல்லோருடைய வாளியிலும் கலங்கல் தண்ணீர்தான் வரும்.

முதலாம் பார்ட்டை நகலெடுத்து இரண்டாம் பார்ட்டில் ஒட்டுங்கள். இரண்டாம் பேட்டர்னை அந்தப் புதிய பார்ட்டுடன் இணைத்த பிறகு ஃபில்டரைத் தொடுங்கள். இரண்டு பார்ட்டுகளிலும் ஒரே தடத்தில் ஒரே எஃபெக்டையே வைத்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் பாட்டு மாறும் இடத்தில் எதிரொலியின் வால் அறுந்துபோகும். பக்திப் பாடலின் நடுவில் அது காதைக் குத்தும்.

நிலாவெளியிலிருந்து: வாசிக்கும் உற்சாகத்தில் குமிழ்களைக் கண்டபடி திருகிவிடுகிறேன். பழைய நிலைக்கு உடனே திரும்ப முடியுமா?

முடியும். பார்ட்டை ரீலோட் செய்தால் கடைசியாகச் சேமித்த நிலை அப்படியே வந்துவிடும். ஆனால் முன்பே ‘பார்ட் சேவ்’ செய்திருக்க வேண்டும். ப்ராஜெக்டை (பேங்குகள் எல்லாம் அடங்கிய முழு வேலையை) சேமித்ததால் பார்ட்டும் தனியே சேமிக்கப்பட்டது என்று நினைக்காதீர்கள். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் தடுக்கி விழுவது இங்கேதான். முதலில் பார்ட், பிறகு ப்ராஜெக்ட்: இந்த வரிசையை விடாதீர்கள். இன்னொன்று, வாசிக்கும்போது அழித்துவிட்ட ட்ரிக்குகளைப் பார்ட் ரீலோட் மீட்டுத் தராது. அவை பேட்டர்னுக்கு உரியவை.

தவில் வாசிக்கும் பெரியவர் ஒருவர்: தம்பி, மகன் ‘சீன்’ என்கிறான், ‘பார்ட்’ என்கிறான். இரண்டும் ஒன்றுதானா?

இல்லை ஐயா. பார்ட் முழு அமைப்பு. சீன் அதற்குள் இருக்கும் சிறு மாற்றங்களின் தொகுப்பு. ஒரு பார்ட்டில் 16 சீன்கள். க்ராஸ்ஃபேடர் என்ற பக்கவாட்டுத் தள்ளுகோலை நகர்த்தினால் ஒரு சீனிலிருந்து மற்றதற்கு ஒலி படிப்படியாக மாறும், விளம்ப காலத்திலிருந்து மேற்காலத்துக்கு நீங்கள் ஏறுவதைப்போல. குமிழைத் திருகியும் ஒலி மாறவில்லை என்று மகன் சொன்னால், க்ராஸ்ஃபேடர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துச் சீன் அதே அளவைப் பூட்டி வைத்திருக்கக்கூடும்.

ஓர்ஸ்ஹில்லிலிருந்து ஒரு தங்கை: கோணேசர் கோயில் பாறையடியில் பதிந்த கடலோசையைப் பழைய சங்கொலி இருந்த ஸ்லாட்டில் (சாம்பிளை ஏற்றிவைக்கும் இலக்கமிட்ட இடத்தில்) ஏற்றினேன். சங்கு வரவேண்டிய பாட்டிலும் இப்போது கடல்தான் கேட்கிறது. பார்ட்டை ரீலோட் செய்தும் பயனில்லை.

பார்ட் நினைவில் வைத்திருப்பது ஸ்லாட்டின் இலக்கத்தைத்தான், தங்கச்சி. ஸ்லாட் பட்டியல் ப்ராஜெக்ட் முழுவதற்கும் பொது. கருவியின் நினைவகத்தில் ஏறி ஒலிக்கும் ஃப்ளெக்ஸுக்கு 128, அட்டையிலிருந்து நேரே ஒலிக்கும் ஸ்டாட்டிக்குக்கு 128 என்று தாராளமாக இருக்கின்றன. புதிய ஒலிக்குப் புதிய ஸ்லாட்டையே எடுங்கள். சங்கைப் பழைய ஸ்லாட்டில் திரும்ப ஏற்றினால் பாட்டு சரியாகிவிடும்.

அன்புவழிபுரத்திலிருந்து: நிகழ்ச்சியின் நடுவில் மின்சாரம் நின்றால்?

மேடையில் நேரடியாகப் பதிந்து ரெக்கார்டர் பஃபரில் (பதிவுக்கான தற்காலிக நினைவில்) வைத்திருந்த ஒலி போய்விடும். அது தேவையென்றால் பதிந்தவுடனேயே சாம்பிளாக அட்டையில் சேமியுங்கள். வீட்டிலிருந்து புறப்படுமுன் யு.எஸ்.பி. டிஸ்க் முறையில் கணினியுடன் இணைத்து, ப்ராஜெக்டுகளும் ஒலிகளும் இருக்கும் செட் கோப்புறை முழுவதையும் நகலெடுத்து வையுங்கள். இன்னொரு காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையிலும் அதே நகலை ஏற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.