சொற்பொழிவு, பேச்சு, உரை, பிரசங்கம்: எல்லாம் ஒன்றுதானா?

சொற்பொழிவு என்றால் சரியாக என்ன பொருள், பேச்சும் உரையும் அதுவும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று இல்லை. எனக்கு மிகவும் பிடித்த சொல் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சொல் + பொழிவு. தூறல் பொழிகிறது என்று நாம் சொல்வதில்லை. அடர்ந்து கொட்டும் மழைதான் பொழியும். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, கேட்பதற்கென்றே வந்து உட்கார்ந்தவர்கள் முன்னால் நிறைவாகப் பேசுவது சொற்பொழிவு. கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை வாழ்த்துவதும் நல்ல பேச்சுதான். ஆனால் அதை யாரும் சொற்பொழிவு என்பதில்லை.

அதோடு சேரும் வினையைப் பாருங்கள். சொற்பொழிவு ‘ஆற்றினார்’ என்கிறோம். கடமையாற்றுதல், தொண்டாற்றுதல் என்று வருகிறதே, அதே ஆற்றுதல். பேச்சை யாரும் ஆற்றுவதில்லை, பேசுவதோடு சரி. எங்கள் ஊர்க் கோயிலில் அப்பா வருஷத்துக்கு ஒருமுறை பெரியபுராணம் பேசுவார். அந்த ஒரு மாலைக்காகப் பத்து நாள் திண்ணையில் உட்கார்ந்து படிப்பார். ஆற்றுதல் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தப் பத்து நாள்தான் நினைவுக்கு வரும்.

உரையையும் ஆற்றலாம். ஆனால் பரிமேலழகர் திருக்குறளுக்கு எழுதியதும் உரைதான். விளக்கிச் சொல்வது என்ற பொருள் அதில் உண்டு. மேடைக்கு வந்தால் வரவேற்புரை, தலைமையுரை, நன்றியுரை என்று பேசுபவரின் பங்கைக் காட்டும்.

அப்புறம் பிரசங்கம். இது வடசொல். இன்று பலருக்கு இதைக் கேட்டதும் தேவாலயமும் மலைப்பிரசங்கமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய சைவப் பேச்சுகளுக்கும் பிரசங்கம் என்றே பெயர். மிஷன் பள்ளியில் படித்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்பில் துணைநின்றவர் அவர். பாதிரிமார் மக்களிடம் பேசிய முறையை அருகிலிருந்து பார்த்து, அதைச் சைவத்துக்குக் கொண்டுவந்தார். நாவலர் என்ற பட்டம் 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் தந்தது. நாவன்மை உடையவர் என்று பொருள்.

நீங்கள் விழா அழைப்பிதழ் அடிப்பதாக இருந்தால், பத்து நிமிடம் பேசும் விருந்தினருக்குச் ‘சிறப்புரை’ போதும். ஒரு மணி நேரம் ஒரே பொருளில் பேச வருகிறவர் என்றால் தயங்காமல் ‘சொற்பொழிவு’ என்றே போடுங்கள், தலைப்பையும் சேர்த்து.