ரப்பில் வெள்ளைக் கல், கொமட்டில் காவி: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை குளியலறை பற்றியவை. வன்னியில் எல்லா இடத்துத் தண்ணீரும் ஒன்றல்ல. பூநகரி, மன்னார்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம். வவுனியாப் பக்கம் கருங்கற்பாறை வெடிப்புக்குள்ளால் வரும் குழாய்க்கிணற்றுத் தண்ணீர். கரையோரத்தில் உவர். ஆகவே அயல்வீட்டில் சரிவந்த மருந்து உங்கள் வீட்டிலும் சரிவரும் என்று நம்பி அசிட் போத்தல் வாங்க வேண்டாம். என்ன கறை என்று பார்த்த பிறகே கையை வையுங்கள்.

கேள்வி: பேசின் ரப் முழுவதும் வெள்ளையாகக் கல் பிடித்துவிட்டது. திருகினால் இறுக்கமாக இருக்கிறது, பூட்டினாலும் சொட்டுகிறது. பிளம்பர் புதிதாக வாங்கச் சொல்கிறார். பழையதை மீட்க முடியாதா?
வாசகி, பரந்தன்

முடியும், உள்ளே பித்தளையாக இருந்தால். ரப்பின் வாயில் இருக்கும் சல்லடை மூடியைக் கழற்றி உள்விளிம்பைப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, மினக்கெடலாம். சாம்பல் நிறமாக, தூக்கிப் பார்க்கப் பாரமில்லாமல் இருந்தால் நாகக் கலவை வார்ப்பு. அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

அடுத்து, வெள்ளைப் படிவின் மேல் ஒரு சொட்டு வினாகிரி விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று. நுரைக்காமல் பச்சை நிறம் தெரிந்தால் குரோம் பூச்சு போய், கீழே உள்ள உலோகம் அரிக்கத் தொடங்கிவிட்டது. அதை வீட்டில் திரும்பப் பூச முடியாது.

சுண்ணாம்புதான் என்றால் வேலை இப்படி. பேசினுக்குக் கீழே உள்ள வால்வைப் பூட்டி, ரப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை விடுங்கள். பேசின் ஓட்டையைத் துணியால் அடையுங்கள். சின்னத் திருகாணி ஒன்று உள்ளே விழுந்தால் அன்றைய வேலை அதோடு சரி. சிட்ரிக் அசிட் தூள் 50 கிராமை ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரையுங்கள். கேக் சாமான் விற்கும் கடைகளில் இந்தத் தூள் கிடைக்கும். கொதிநீர் வேண்டாம். கல்சியம் சிட்ரேற்று சூட்டில் குறைவாகத்தான் கரையும். அதனால் கரைந்த சுண்ணாம்பு புதுத் தூளாக அதே இடத்தில் படிந்துவிடும். தூள் இல்லாவிட்டால் வினாகிரியைத் தண்ணீர் கலக்காமல் பாவிக்கலாம்.

பழைய பருத்தித் துணியைக் கரைசலில் நனைத்து ரப்பைச் சுற்றுங்கள். அதன் மேல் சொப்பிங் பையைப் போட்டு ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். அரை மணித்தியாலம் கழித்து அவிழ்த்து, பழைய தொலைபேசி அட்டை போன்ற பிளாஸ்ரிக்கால் மெதுவாகத் தள்ளுங்கள். போகாவிட்டால் புதிதாக நனைத்து இன்னொரு முறை கட்டுங்கள். இரவு முழுக்கக் கட்டி விடுவதுதான் பலரும் செய்யும் பிழை. குரோமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். அவற்றுக்குள்ளால் அமிலம் இறங்கினால் பூச்சு கொப்புளித்து உரியும். இரும்பு நார், பச்சைத் தேய்ப்பான், கத்தி மூன்றும் ஆகாது. கடைசியில் நிறையத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள்.

கழற்றிய சல்லடையில் வலை, பிளாஸ்ரிக் தட்டு, ரப்பர் வளையம் என்று அடுக்கு இருக்கும். பிரிக்க முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, பழைய பற்தூரிகையால் பின்பக்கத்திலிருந்து தேயுங்கள். வலை கிழிந்திருந்தால் ஹாட்வெயார் கடையில் தனியாகவும் வாங்கலாம். பெரும்பாலான பேசின் ரப்புகளுக்கு 24 மில்லிமீற்றர் அளவு. பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்.

இனி சொட்டு. பலமுறை சுற்றித் திறக்கும் பழைய வகை என்றால், கைபிடியைக் கழற்றி, ஸ்பனரால் உள்ளே உள்ள ஹெட்டைத் திருகி எடுங்கள். அடியில் அரை அங்குல ரப்பர் வாசர் இருக்கும். அதை மாற்றுங்கள். மாற்றினதும் விரலை உள்ளே விட்டு வாசர் உட்காரும் பித்தளை விளிம்பைத் தடவிப் பாருங்கள். கறள், பள்ளம் தட்டுப்பட்டால் புது வாசரும் விரைவில் வெட்டுப்பட்டுப் போகும். பிளம்பரிடம் சீற் கட்டர் இருந்தால் அந்த விளிம்பைச் சமப்படுத்தித் தருவார். இதைக் கேட்டு வாங்குங்கள். பலர் வாசரை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

கால்வட்டம் திருப்பினால் திறக்கும் வகைக்குள் இரண்டு செரமிக் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று உரசும். இடையில் சுண்ணாம்பு புகுந்ததுதான் இறுக்கத்துக்குக் காரணம். இந்தத் தட்டுகள் இருக்கும் உள் உருளையான காட்ரிஜைக் கழற்றி அதே கரைசலில் ஊறவிடுங்கள். தட்டுகளைச் சுரண்டக் கூடாது. ஒரு கீறல் போதும், பிறகு நிற்காமல் சொட்டும். காய்ந்ததும் சிலிக்கன் கிறீஸ் மெல்லிதாகப் பூசுங்கள். வாகனக் கிறீசும் வஸ்லினும் ரப்பர் வளையத்தை ஊதவைக்கும். அப்படியும் சொட்டினால் காட்ரிஜை மட்டும் மாற்றுங்கள். மேல் தண்டின் பல் எண்ணிக்கை 20 அல்லது 24 ஆக இருக்கலாம். அதையும் நீளத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

ரப்பைச் சுவரிலிருந்து கழற்றியிருந்தால், பழைய நூலையும் ரேப்பையும் முழுதாகச் சுரண்டி எடுத்த பிறகு வெள்ளை ரேப்பை 10 சுற்றாவது சுற்றுங்கள். மரையின் முனையை முகத்துக்கு நேரே பிடித்தால் ரேப் மணிக்கூட்டு முள் போகும் திசையில் போகவேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் திருகும்போது சுருண்டு வெளியே வரும்.

எங்கள் அபிப்பிராயம்: பாரமான பழைய பித்தளை ரப், இன்றைக்கு மலிவாகக் கிடைக்கும் பாரமில்லாத புது ரப்பை விட நல்லது. உள் உதிரியை மாற்றிக்கொண்டு வைத்திருங்கள்.

கேள்வி: பிளஷ் ராங்கிலிருந்து கொமட்டுக்குத் தண்ணீர் எந்நேரமும் கசிகிறது. விடியும்போது மேல் தாங்கி பாதிக்குக் குறைந்துவிடுகிறது.
வாசகர், கிளிநொச்சி

கசிவுக்கு இரண்டு வழி உண்டு. ராங்கின் மூடியைத் தூக்கி, நடுவில் நிற்கும் குழாயின் வாயைப் பாருங்கள். தண்ணீர் அதன் மேலால் வழிந்து போனால் குற்றம் மிதவை வால்வில். நீர்மட்டம் அந்த வாய்க்கு இரண்டு சென்ரிமீற்றர் கீழே நிற்கும்படி மிதவையைத் தாழ்த்துங்கள். தாழ்த்தியும் தண்ணீர் நிற்கவில்லை என்றால் வால்வுத் தலைக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தட்டில் மணலோ சுண்ணாம்போ இருக்கிறது. கழற்றிக் கழுவுங்கள். ராங் நிரம்ப நெடுநேரம் எடுப்பதும் இதே இடத்து அடைப்பால்தான்.

மேலால் வழியவில்லை என்றால் கேசரிக்குப் போடும் கலர்த் தூளில் ஒரு சிட்டிகையை ராங்குக்குள் போட்டு அரை மணித்தியாலம் பிளஷ் பண்ணாமல் விடுங்கள். கொமட்டில் நிறம் வந்தால் அடி ரப்பர் மூடவில்லை. எங்கள் தண்ணீரில் ரப்பர் பழுதாக முன்பே, அது உட்காரும் வளையத்தில் சுண்ணாம்பு கட்டிவிடும். விரலால் தடவினால் மணல்தாள் போலச் சொரசொரக்கும்.

இதற்கு இரவு வேலை நல்லது. சுவர் வால்வைப் பூட்டி, பிளஷ் பண்ணி, வளையம் மூழ்க இரண்டு லீற்றர் அளவு தண்ணீரை ராங்கில் விட்டு, 100 கிராம் சிட்ரிக் அசிட்டைக் கரையுங்கள். காலையில் ஸ்பொஞ்சால் வளையத்தைச் சுற்றித் துடைத்துவிட்டு பிளஷ் பண்ணுங்கள். அந்தத் தண்ணீர் போகும் வழியில் கொமட்டின் விளிம்புத் துளைகளையும் கழுவிவிடும். பிறகும் நிறம் இறங்கினால் அடி ரப்பரை மாற்றுங்கள். விலை பெரிதில்லை.

ராங்குக்குள் போடும் குளோரின் வில்லைகளை நிறுத்திவிடுங்கள். ரப்பரை அவைதான் சீக்கிரம் விறைக்கவைக்கின்றன.

கேள்வி: புதுக் குழாய்க்கிணறு. தண்ணீர் வரும்போது பளிங்கு மாதிரி இருக்கிறது. கொமட்டிலும் ரைல்ஸிலும் செம்மஞ்சளாகக் காவி பிடிக்கிறது. குளோரின் போட்டுத் தேய்த்தும் இன்னும் கூடுகிறது.
வாசகி, முள்ளியவளை

இது சுண்ணாம்பு இல்லை, இரும்பு. நிலத்துக்குள் காற்றுப் படாமல் கரைந்திருக்கும் இரும்பு, வெளியே வந்து ஒட்சிசன் பட்டதும் துருவாகிப் படிகிறது. குளோரினும் அதே வேலையைத்தான் செய்யும். அதனால்தான் தேய்க்கத் தேய்க்கக் காவி கூடுகிறது.

கொமட்டில் நிற்கும் தண்ணீரைத் தூரிகையால் உள்ளே தள்ளி மட்டத்தைத் தாழ்த்துங்கள். ஒரு லீற்றருக்கு 100 கிராம் சிட்ரிக் அசிட் கரைத்து, ரிசூத்தாளில் நனைத்து, கறைக் கோட்டில் ஒட்டி, மூன்று மணித்தியாலம் விட்டுத் தேயுங்கள். குளோரின் போட்ட அன்றே அமிலம் போடக் கூடாது. நன்றாகக் கழுவி, மறுநாள் செய்யுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். பூட்டிய குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும்.

கறையைக் கழுவிக்கொண்டே இருப்பதை விடத் தாங்கியில் கைவைப்பது புத்தி. மேல் தாங்கிக்கு வரும் பைப்பின் நுனியில் துளையிட்ட பிவிசித் துண்டொன்றைப் பூட்டுங்கள். தண்ணீர் மழைபோலச் சிதறி, காற்றுக்குள்ளால் ஓரடியாவது விழவேண்டும். இரவு நிரப்பி, காலையில் பாவியுங்கள். வீட்டுக்குப் போகும் பைப் தாங்கியின் அடியிலிருந்து 10–15 சென்ரிமீற்றர் மேலே இருக்கட்டும். அடியில் தனி வால்வு வைத்து, கிழமைக்கு ஒருமுறை சேற்றைத் திறந்துவிடுங்கள். இலங்கைத் தரநிலைப்படி குடிநீரில் இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது.

கேள்வி: ரைல்ஸ் கழுவும் அசிட்டால் சிவப்புச் சீமெந்துத் தரையைக் கழுவலாமா?
வாசகர், மாங்குளம்

கூடாது. அது ஐதரோகுளோரிக் அமிலம். சீமெந்தே சுண்ணாம்புதான், அமிலம் படிவையும் தின்னும், தரையையும் தின்னும். ரைல்ஸ் இடுக்குச் சாந்துக்கும் இதே கதை. அதன் புகை போதும், பக்கத்தில் இருக்கும் குரோம் ரப் மங்கிப் போகும். சிவப்புத் தரைக்குச் சவர்க்காரத் தண்ணீரும் கெட்டித் தூரிகையும் மட்டும் பாவியுங்கள்.

கேள்வி: பைப்பில் காந்தம் பூட்டினால் கல் படியாது என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா? இல்லாவிட்டால் தண்ணீரின் வன்மையைக் குறைக்கும் சொஃப்ற்னர் நல்லதா?
வாசகர், வவுனியா

காந்தம் வாங்க வேண்டாம். தண்ணீரிலுள்ள கல்சியத்தை அது எடுக்காது. படிவதைத் தடுக்கும் என்பதற்கும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை.

சொஃப்ற்னர் வேலை செய்யும், ஆனால் கணக்கைப் பார்த்து வாங்குங்கள். முதலில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் தண்ணீரைச் சோதித்து வன்மை, அதாவது கரைந்திருக்கும் கல்சியம், மக்னீசியத்தின் அளவு, எவ்வளவு என்று எடுங்கள். குடிநீருக்கான உச்ச அளவு லீற்றருக்கு 250 மில்லிகிராம். உங்களுடையது 500 என்று வைப்போம். சொஃப்ற்னருக்குள் கல்சியத்தைப் பிடிக்கும் சின்ன மணிகள்தான் ரெசின். ஒரு லீற்றர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் வன்மையைப் பிடிக்கும். 25 லீற்றர் ரெசின் 1250 கிராம், அதாவது 2500 லீற்றர் தண்ணீருக்குக் காணும். நாளுக்கு 600 லீற்றர் எடுக்கும் வீட்டில் நான்கு நாளைக்கு ஒருமுறை உப்புக் கரைசலால் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று கிலோ உப்பளவு போகும். அந்த உப்புத் தண்ணீரைத் தென்னையடியிலோ கிணற்றடியிலோ விட்டால் சொஃப்ற்னரால் வந்த நன்மையை விடக் கேடு கூட. இரும்புள்ள தண்ணீரை அப்படியே விட்டாலும் ரெசின் பழுதாகும்.

ஆகவே வீடு முழுவதற்கும் போடாமல் குளிக்கும் பைப்புக்கு மட்டும் சின்னதாகப் போடுவது எங்கள் தெரிவு. இதைக் குடிநீர் இயந்திரம் என்று நினைக்காதீர்கள். தண்ணீரில் புளோரைட்டு இருந்தால் அதைச் சொஃப்ற்னர் எடுக்காது, கொதிக்கவைத்தாலும் போகாது.

கேள்வி: கடற்கரையிலிருந்து கொஞ்சத் தூரம்தான் வீடு. ரப்பில் வெள்ளை இல்லை, புள்ளி புள்ளியாக ஓட்டை விழுகிறது.
வாசகி, முல்லைத்தீவு

உவர். அதிலுள்ள குளோரைட்டுக்கு வினாகிரியும் சிட்ரிக்கும் மருந்தில்லை. மலிவான ஸ்ரெயின்லெஸ் ஸ்டீலும் இதில் புள்ளி விழும். வெளி ரப்புகளுக்கும் கொமட் பக்க வால்வுக்கும் நல்ல பிளாஸ்ரிக் வகையைப் போடுங்கள், அழகு கொஞ்சம் குறைந்தாலும். உள்ளே குரோம்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு நாளும் இரவில் காய்ந்த துணியால் துடைக்கவேண்டும்.

கேள்வி: ஷவரின் பாதி ஓட்டை அடைபட்டுவிட்டது. சோப் நுரைக்கிறதே இல்லை, தலைமயிர் தும்புபோல ஆகிவிட்டது.
வாசகி, துணுக்காய்

ஷவரைக் கழற்றத் தேவையில்லை. வினாகிரியை ஒரு சொப்பிங் பையில் விட்டு, ஷவர் முகம் மூழ்கும்படி கட்டி, ஒரு மணித்தியாலம் விடுங்கள். ரப்பர் முனையுள்ள வகை என்றால் விரலால் பிசைந்தாலே கல் உதிரும். உலோக ஓட்டைக்கு ஈர்க்கு நல்லது, ஊசி ஓட்டையைப் பெருப்பிக்கும்.

சோப் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத அழுக்காக மாறுகிறது. ரைல்ஸில் ஒட்டும் சாம்பல் படலமும் மயிரில் ஒட்டுவதும் அதுவே. சோப்பைக் குறைத்து ஷாம்பு வகையைப் பாவியுங்கள். முடிந்தால் கடைசி வாளியை மழைத்தண்ணீரால் ஊற்றுங்கள். மழைத்தண்ணீரில் கல்சியம் இல்லை. 50 சதுர மீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்தினது போக 800 லீற்றர் சேரும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தாங்கியை நிரப்பி வைக்கலாம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் டெங்குதான் மிஞ்சும்.